கத்திக்குக் கைப்பிடி போடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கத்திக்குப் பிடி போடுவதில் தனியாகக் கடினமான படி என்று எதுவும் இல்லை. அறுக்க வேண்டும், துளை போட வேண்டும், ஒட்ட வேண்டும், தேய்க்க வேண்டும். ஆனாலும் முதல்முறை செய்யும் பலருக்கு வேலை கெட்டுப்போகிறது. அவர்கள் செய்வதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பசை பூசும் கட்டத்துக்குச் சீக்கிரம் போய்விடுகிறார்கள். பசை காய்ந்த பிறகு சில இடங்களைத் தொடவே முடியாது. அந்த இடங்களை முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதை மனத்தில் வைத்துத்தான் அமைந்திருக்கிறது. அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள்.

அலகின் தொடர்ச்சியாகக் கைப்பிடிக்குள் போகும் இரும்புப் பட்டையை இங்கே காம்பு என்கிறேன். காம்பு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் அதே அகலத்தில் வர வேண்டும். அதன் இரு பக்கமும் கட்டை வைத்து, குறுக்கே ஆணி செருகி ஒட்டுவதுதான் இந்த வழிகாட்டியில் இருக்கிறது. குச்சி மாதிரி மெலிந்த காம்பைக் கட்டைக்குள் செருகும் முறை வேறு. அதை இரண்டாவது கத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கத்தி. காம்பில் ஏற்கனவே துளை போட்ட அலகாகப் பார்த்து வாங்குங்கள். சூடேற்றிக் கடினப்படுத்திய எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்காது, முனை மழுங்கிவிடும். கார்பைடு பிட் இருந்தால் போடலாம், ஆனால் அது சட்டென்று உடையக்கூடியது. முதல் வேலையிலேயே அந்தத் தொல்லை வேண்டாம்.

அடுத்து மரம். நன்றாகக் காய்ந்த, கெட்டியான மரம் வேண்டும். ஈரம் இருக்கும் மரம் பிறகு சுருங்கும். அப்போது இரும்பு அப்படியே நிற்க, மரம் மட்டும் உள்ளே போய்விடும். காம்பின் விளிம்பு கையில் உரசும். ரேகை கைப்பிடியின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடினால் துளை இருக்கும் இடத்தில் மரம் பிளக்கும். ஒரு பக்கக் கட்டைக்கு 8 முதல் 10 மி.மீ. கனம் போதும். மரம் வேண்டாம் என்றால் மைக்கார்ட்டா நல்ல தேர்வு. துணியையும் ரெசினையும் அடுக்கி அழுத்திச் செய்த பலகை அது. தண்ணீரில் மரம்போல ஊதாது, ரேகைத் தொல்லையும் கிடையாது. சமையலறைக் கத்திக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

ஆணிக்குப் பித்தளைக் கம்பி அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. காம்பின் துளைக்குள் கையால் தள்ளினால் போகும் அளவு பாருங்கள். நீளம் கணக்குப் போடுவது எளிது: காம்பு 3 மி.மீ., இரண்டு கட்டையும் சேர்ந்து 16 மி.மீ. என்றால் மொத்தம் 19. ஆணியை 25 மி.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றால்தான் பிறகு சமமாகத் தேய்க்க முடியும்.

பசைக்கு எபாக்ஸி, அதாவது ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வந்து, கலந்தால் இறுகும் பசை. அதில் 5 நிமிட வகையை வாங்காதீர்கள். முதல்முறை ஒட்டும்போது கை தடுமாறும். ஒரு ஆணி மாட்டிக்கொள்ளும், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று நழுவும். அதற்குள் பசை இறுகிவிடும். கலந்தபின் அரை மணி நேரமாவது இளகி இருந்து, 24 மணி நேரத்தில் காயும் வகையாக வாங்குங்கள்.

இவை தவிர நாலு கிளாம்ப், ஒரு அரம், மரத்துக்கான முரட்டு அரம், இரும்பறுக்கும் ரம்பம், 80 முதல் 400 நம்பர் வரை உப்புத்தாள், அசிட்டோன், மாஸ்கிங் டேப், கையுறை, தூசி முகமூடி. முகமூடியைத் தள்ளிப்போடாதீர்கள். ஈட்டி, கருங்காலி போன்ற மரங்களின் தூள் பலருக்கு மூச்சுத் திணறலையும் தோல் அரிப்பையும் கொண்டுவரும். மைக்கார்ட்டாத் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

2. அலகைக் கட்டி வையுங்கள்

வாய்ப்பக்கம் கூராக இருக்கிறதோ இல்லையோ, கனமான அட்டையை மடித்து அலகுக்கு உறை போட்டு, மேலே டேப் சுற்றுங்கள். இந்த வேலை முழுவதும் உங்கள் கை கத்தியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அரம் நழுவும் நேரத்தில் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு: அலகின் பளபளப்பில் விழும் கீறலை எடுப்பது, பிடி போடுவதைவிடப் பெரிய வேலை.

தீட்டும் வேலை பாக்கி இருந்தால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

3. தட்டையான பரப்பு

கண்ணாடித் துண்டு அல்லது வளையாத தட்டையான கல்பலகை மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். காம்பின் இரு பக்கத்திலும் மார்க்கரால் கோடுகள் கிறுக்கி, அந்தத் தாளில் நாலைந்து முறை தேயுங்கள். கோடு எங்கே அழியவில்லையோ அங்கே பள்ளம். முழுவதும் அழியும் வரை தேய்க்க வேண்டும். நடுவில் மட்டும் கொஞ்சம் பள்ளம் இருந்தால் பரவாயில்லை, அங்கே பசை தங்கும். விளிம்பு ஓரங்கள் மட்டும் விட்டுக்கொடுக்காமல் தட்டையாக இருக்க வேண்டும்.

கட்டைகளின் உள்பக்கத்தையும் இதேபோலச் செய்யுங்கள். கையில் உப்புத்தாளை மடித்துப் பிடித்துத் தேய்த்தால் விளிம்புகள் உருண்டுவிடும். ஒட்டிய பிறகு காம்புக்கும் கட்டைக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிவது பெரும்பாலும் இதனால்தான். முடிந்ததும் கட்டையைக் காம்பின் மேல் வைத்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் இடைவெளி மூடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கிளாம்ப் அதை மூடும், கிளாம்பைக் கழற்றிய நாள்முதல் அந்தக் கட்டை பசையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கட்டையின் வெளிப்பக்கமும் உள்பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும். துளை போடும்போது கட்டை வெளிப்பக்கத்தின் மேல்தான் படுத்திருக்கும். அது சாய்ந்திருந்தால் துளையும் சாயும்.

இப்போதே வெளிப்பக்கத்தில் பென்சிலால் இடது, வலது, முன் என்று எழுதி வையுங்கள். ஒரே பலகையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் மாற்றி வைத்துவிட்டால் துளைகள் சேராது.

4. துளை

பலர் காம்பையும் இரண்டு கட்டைகளையும் ஒன்றாகக் கட்டி, ஒரே பக்கத்திலிருந்து நேராகத் துளைத்துவிடப் பார்க்கிறார்கள். நீளமான துளையில் பிட் மெதுவாக விலகும். அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஆணி வேறெங்கோ நிற்கும். ஒவ்வொரு கட்டையாகச் செய்யுங்கள்.

முதல் கட்டையைக் கழிவுப் பலகை ஒன்றின் மேல் வையுங்கள், உள்பக்கம் மேலே இருக்கட்டும். அதன் மேல் காம்பை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். காம்பின் துளை வழியாகவே கட்டையில் துளைக்க வேண்டும். காம்புதான் உங்களுக்கு வழிகாட்டி. அடியில் கழிவுப் பலகை இல்லாமல் செய்தால் பிட் வெளியே வரும் இடத்தில் மரம் பிய்ந்துகொண்டு வரும்.

முதல் துளை முடிந்ததும், அசையாமல், அதில் ஒரு ஆணியைச் செருகுங்கள். அப்புறம்தான் அடுத்த துளை. ஆணி இல்லாமல் தொடர்ந்தால் கட்டை ஒரு நூல் நகர்ந்தாலும் போதும், இரண்டாவது ஆணி உள்ளே போகாது. இரண்டு துளையும் முடிந்தபின் கத்தியைத் திருப்பி, அடுத்த கட்டைக்கு இதையே செய்யுங்கள்.

ஸ்டாண்டில் பொருத்திய டிரில் மெஷின் இருந்தால் நல்லது. கையில் பிடிக்கும் டிரில்தான் இருக்கிறது என்றால், பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிறுத்தி வைத்து, பிட் அதற்கு இணையாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே துளையுங்கள். பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடாகி மரம் கருகும். கருகிய இடத்தில் பசை சரியாகப் பிடிக்காது.

ஆணி கையால் தள்ளினால் போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. கம்பிகள் எப்போதும் சொன்ன அளவில் இருப்பதில்லை. அதனால் முதலில் கழிவு மரத்தில் ஒரு துளை போட்டு, ஆணியைச் செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் பிடித்துக் கொஞ்சம் குறையுங்கள். சுத்தியால் அடித்து இறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடிக்கும்போது மரம் பிளக்காவிட்டாலும், உள்ளே இறுக்கம் தங்கி, ஒரு வெயில் காலத்தில் விரிசல் விடும்.

5. வடிவத்தை அறுத்தல்

காம்பைக் கட்டையின் மேல் ஆணியால் பொருத்தி, ஓரத்தைச் சுற்றிக் கூர்பென்சிலால் வரையுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுங்கள். கோட்டிலேயே அறுக்க வேண்டாம்; ரம்பம் உள்ளே போனால் திரும்ப வழியில்லை. துளைகளைப் போட்டுவிட்டு அறுப்பதற்குக் காரணம், முழுப் பலகையாக இருக்கும்போது கிளாம்ப் போட இடம் இருக்கும்.

6. முன்முகம்

இந்த ஒரு படியை நிதானமாகச் செய்தாலே பிடி பார்க்க நன்றாக வந்துவிடும்.

கட்டையின் முன்முகம் என்பது அலகைப் பார்த்து நிற்கும் முனை. ஒட்டிய பிறகு மற்ற எல்லாப் பக்கத்தையும் அரத்தால் தேய்க்கலாம். இதை மட்டும் தேய்க்க முடியாது. தேய்த்தால் அலகில் கீறல் விழும். அதனால் கடைசி வழவழப்பு வரை இப்போதே முடிக்க வேண்டும்.

காம்பை எடுத்துவிடுங்கள். இரண்டு கட்டைகளின் உள்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து, ஆணிகளைச் செருகி இணையுங்கள். இப்போது இரண்டு முன்முகமும் ஒரே துண்டாக நிற்கும். இப்படிச் சேர்த்துத் தேய்த்தால் இரண்டும் தானாகவே ஒரே அளவுக்கு வரும். தனித்தனியாகத் தேய்த்தால் ஒன்று அரை மி.மீ. முன்னே நிற்கும். கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது உடனே கண்ணில் படும். பின்னால் சரிசெய்ய வழியும் இல்லை.

முதலில் நேராகச் சமன் செய்யுங்கள். பிறகு இரண்டையும் வெளிப்பக்கமாகச் சரித்தோ லேசாக உருட்டியோ வடிவம் கொடுங்கள். செங்குத்தான முன்முகம் ஆள்காட்டி விரலில் அழுந்தும்; ஈரமும் உணவுத் துகளும் அந்த மூலையில் தங்கும். சரிவாக இருந்தால் துடைத்தால் போய்விடும். 120, 220, 320, 400 என்று நம்பர் ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் காம்பில் வைத்து, முன்முகம் அலகின் சரிவு தொடங்கும் இடத்தை மூடவில்லையே என்று பாருங்கள்.

எண்ணெய் இப்போது பூசாதீர்கள். அது உள்பக்கத்துக்குக் கசிந்தால் பசை பிடிக்காது.

7. பசை இல்லாமல் ஒரு ஒத்திகை

கட்டை, காம்பு, ஆணி எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்தி, கிளாம்ப் வரை போட்டுப் பாருங்கள். எந்தக் கிளாம்ப் எங்கே, எந்தக் கட்டை முதலில், ஆணியின் எந்த முனை உள்ளே என்று முடிவாகிவிடும். ஆணி முனைகளைச் சற்றே கூம்பாகத் தேய்த்து வைத்தால், துளையில் எளிதாக நுழையும். ஏதாவது சேரவில்லை என்றால் பசை பூசும் நேரத்தில் சரியாகும் என்று நம்பாதீர்கள். பசை வழுக்கும், அவ்வளவுதான். வேறெதையும் சரிசெய்யாது.

8. ஒட்டுதல்

காம்பின் இரு பக்கத்தையும் 80 நம்பர் தாளால் தாறுமாறாகக் கீறுங்கள். கட்டையின் உள்பக்கத்தையும் அதே தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள். கீறும்போதும் தாள் தட்டையான பரப்பில்தான் இருக்க வேண்டும். ஆணியின் மேலும் கீறல் வேண்டும். வழவழப்பான இரும்பைப் பசை இறுகப் பற்றாது. முன்முகத்துக்கு அருகில் கீறல் வெளியே தெரியாதபடி, கட்டை வந்து நிற்கும் இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டாமல் வரும் வரை துடைக்க வேண்டும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரங்களில் கட்டையின் உள்பக்கத்தையும் ஒட்டுவதற்குச் சற்று முன்பு இப்படித் துடையுங்கள். நேரம் கழிந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். துடைத்த பிறகு வெறும் விரலால் தொடக் கூடாது. கையிலிருக்கும் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும். அசிட்டோன் தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு எதுவும் எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

எபாக்ஸியை டப்பாவில் சொன்ன விகிதத்தில் சரியாக அளந்து எடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், அது கடைசிவரை ரப்பர்போலவே இருந்துவிடும். ஓரங்களை வழித்துவிட்டு, இரண்டு நிமிடமாவது நிதானமாகக் கலக்குங்கள்.

காம்பிலும் கட்டையிலும் பூசுங்கள். துளைகளுக்குள்ளும் குச்சியால் தடவுங்கள். தண்ணீர் உள்ளே போக அதுவும் ஒரு வழி. ஆணியைத் திருகியபடியே உள்ளே தள்ளினால் பசை சுற்றிலும் பரவும்.

கிளாம்பை இறுக்குவதில்தான் பலருக்கும் கை மீறிப்போகிறது. எபாக்ஸிக்கு மெல்லிய படலமாக உள்ளே இடம் வேண்டும். பலம் கொண்டு இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. சுற்றிலும் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள்.

உடனே முன்முகத்தைக் கவனியுங்கள். அங்கே பிதுங்கிய பசையைப் பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். ஒரு குச்சியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பசையைப் பரப்பிக்கொண்டிருப்பீர்கள். குச்சி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அசிட்டோன் இணைப்புக்குள் இறங்கும், அதனால் லேசான ஈரம் போதும். பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்து பாருங்கள், இன்னும் கொஞ்சம் கசிந்திருக்கும். மற்ற பக்கங்களில் வழிந்ததை விட்டுவிடலாம், எப்படியும் தேய்க்கப் போகிறோம்.

கலந்ததில் மிஞ்சிய பசையைத் தூக்கிப் போடாமல் ஒரு அட்டையில் வையுங்கள். காய்ந்துவிட்டதா என்று அதில் நகத்தால் குத்திப் பார்த்தால் போதும், கைப்பிடியைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. 24 மணி நேரம் கழித்துத்தான் கிளாம்பை எடுக்க வேண்டும்.

9. வடிவமைத்தல்

முதலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை 1 மி.மீ. விட்டு அறுத்து, அரத்தால் சமன் செய்யுங்கள். மின்சாரத் தேய்ப்பான் இருந்தாலும் இந்த இடத்தில் கை அரமே நல்லது. உலோகம் சீக்கிரம் சூடாகும். ஆணி சூடானால் அதைச் சுற்றியுள்ள எபாக்ஸி இளகும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பிடிப்பு விட்டிருக்கும். விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

அடுத்து சுற்று விளிம்பு. கட்டை காம்பின் இரும்போடு சமமாகும் வரை தேயுங்கள். அதன் பிறகுதான் பக்கவாட்டு வளைவு. சுற்று விளிம்பு சமமாகாமல் வளைவில் இறங்கினால், எது நேர் எது சாய்வு என்று கண்ணுக்குப் பிடிபடாது.

குறுக்கு வெட்டில் பிடி நீள்வட்டமாக வர வேண்டும். முழு உருண்டையாக இருந்தால் வாய்ப்பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, ஈரக் கையில் சுழலும். உள்ளங்கை படும் நடுப்பகுதி சற்றுத் திரட்சியாகவும், முன்னால் விரல்கள் சுற்றும் இடம் ஒடுங்கியும் இருந்தால் பிடிக்கச் சுகம். சராசரிக் கைக்கு நடுவில் 18 முதல் 20 மி.மீ. கனம் சரியாக இருக்கும். அதைவிட உங்கள் கை சொல்வதைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள், எங்கே குத்துகிறதோ அங்கே எடுங்கள்.

இடது பக்கம் பத்து இழுப்பு என்றால் உடனே வலது பக்கமும் பத்து இழுப்பு. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டும் ஒன்றுபோல வராது. விளிம்புகளில் அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளினால் மரத்தின் ஓரம் சிம்பு சிம்பாகப் பிய்யும்.

10. உப்புத்தாளும் எண்ணெயும்

120, 220, 320, 400. நம்பரைத் தாண்டிப் போகாதீர்கள். 120 போட்ட கீறலை 400 எடுக்காது, எண்ணெய் பூசியதும் அந்தக் கீறல்கள் பளிச்சென்று தெரியும். மரம் இரும்பைவிடவும் பித்தளையைவிடவும் மென்மை. தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மரம் மட்டும் குழிந்து, ஆணி மேடாக நிற்கும். கெட்டியான சிறு கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள்.

வெளிர் நிற மரமாக இருந்தால் இரும்புத்தூள் ரேகைக்குள் அடைந்து அழுக்காகக் காட்டும். அவ்வப்போது பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

400 முடிந்து தூள் முழுவதும் போன பிறகு, லேசான ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மரநார்கள் எழுந்து கரகரப்பாகும். 400 தாளால் மெதுவாக ஒருமுறை தேய்த்து எடுங்கள். இதை இப்போது செய்யாவிட்டால், முதல்முறை கத்தியைக் கழுவும்போது அந்தக் கரகரப்பு கைக்கு வரும். மைக்கார்ட்டாவுக்கு இது தேவையில்லை.

மரத்துக்கு டங் எண்ணெய் (டங் மரக்கொட்டையிலிருந்து எடுப்பது) அல்லது ஆளிவிதை எண்ணெய். சமையல் கத்தி என்றால் உணவோடு பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கும் டப்பாவாகப் பாருங்கள். ‘கொதிக்க வைத்தது’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோகச் சேர்மங்கள் கலப்பதுண்டு. மெல்லிய பூச்சு, 20 நிமிடம் ஊறல், மிச்சத்தைத் துடைத்தல், ஒரு நாள் காய்தல். மூன்று நாலு முறை இப்படிச் செய்யுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. இந்த எண்ணெய்கள் காயும்போது வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

11. ஏதாவது தவறிப்போனால்

காம்புக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரிந்தால், நீர்த்த வகை சூப்பர் குளூவை அங்கே ஒரு சொட்டு விடுங்கள். அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் தேய்த்துவிடலாம். தாள் நுழையும் அளவு இடைவெளி என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஈரம் உள்ளே போய்க் காம்பு துருப்பிடிக்கும். கட்டையைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு, ஆணியை அதே அளவு அல்லது ஒரு படி சிறிய பிட்டால் துளைத்து எடுங்கள். அலகை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, கைப்பிடியை மட்டும் வெந்நீர்ச் சூட்டுக்கு மேல் போகாமல் மெதுவாகச் சூடாக்கினால் எபாக்ஸி இளகும். மெல்லிய உளியைக் காம்புக்கும் கட்டைக்கும் நடுவே வைத்துத் தட்டினால் பிரிந்துவிடும். நேரடித் தீயில் காட்டாதீர்கள். எஃகில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். காம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுக் கட்டையோடு மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.